சம்பளம் கேட்ட சிப்பாய்கள்

எனக்குச் சிப்பாய்க் கூட்டத்தையே பிடிக்காது. ஊரில் பச்சை உடுப்பைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடியிருக்கிறேன். இன்னொரு நாட்டிலிருந்து வந்து நின்றவர்களைக் கண்டும் ஓடியிருக்கிறேன். எங்கள் இயக்கப் பெடியள் வரியுடுப்போடு வந்தபோது ஓடவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்ட எனக்குக் கனடாவில் கிடைத்த முதல் வேலை சிப்பாய்களுக்குக் கோட்டு தைப்பது. விதிக்கு என்னோடு பகிடி விடுவதில் எப்போதும் ஒரு விருப்பம்.

உண்மையான சிப்பாய்கள் இல்லை, படத்தில் வரும் சிப்பாய்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அமெரிக்கா ஒரு நாடாக ஆகிக்கொண்டிருந்த காலத்துச் சண்டையைப் பற்றி யாரோ படம் எடுத்தார்கள். அமெரிக்காவின் கதையை அமெரிக்காவில் எடுத்தால் செலவு கூடவாம். அதனால் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கரிங் தாண்டி ஒரு பண்ணைக் காணியில் மரக்கோட்டை கட்டி எடுத்தார்கள். சிப்பாய்களுக்குத் தேவையான கம்பளிக் கோட்டுகளில் ஒரு பங்கு எங்கள் முதலாளி வீட்டு நிலக்கீழ் அறைக்கு, பேஸ்மென்றுக்கு, வந்து சேர்ந்தது.

முதலாளியை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். பத்து வருடத்துக்கு முன் அகதியாக வந்து, நகரின் மேற்கே பார்க்டேலில் நான் இருந்த அதே கட்டடத்தில் நிலத்தில் படுத்து எழும்பியவர். இப்போது நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் புது வீடு. மேலே கம்பளம் விரித்த ஹோல், கீழே பேஸ்மென்றில் ஏழெட்டுத் தையல் மெசின். நான் பார்க்டேலிலிருந்து ஸ்ட்ரீட்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேரும்போது பாதித் தெம்பு வழியிலேயே முடிந்துவிடும். எனக்குப் பக்கத்து மெசினில் ஓர் அன்ரி இருந்தா. ஊரில் பள்ளிக்கூடச் சட்டையும் கலியாண பிளவுசும் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவ. அவவுடைய தையலை உள்ளே புரட்டிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் போலத்தான் இருக்கும்.

வெட்டிய துணி வரும். பொருத்தி, உள்ளே லைனிங் வைத்து, பொத்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு, அதுவும் படக்காரர் தந்த பிறகு மொத்தமாகக் கைக்காசாக. கைக்காசு எங்களுக்கும் வசதியாகத்தான் பட்டது. நாங்கள் எல்லோருமே அரசாங்கத்தின் வெல்ஃபெயர் காசில் வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள். வேலை செய்வது தெரிந்தால் அது நின்றுவிடும். என்னுடைய அகதி வழக்கோ இன்னும் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. அதனால் பேஸ்மென்றுக்குள் போகும்போது பக்கவாசலால் போவோம், வரும்போது ஒருவர் பின் ஒருவராக வருவோம்.

அந்தக் காசு எனக்கு வேண்டியிருந்தது தம்பிக்காக. தம்பி அப்போது மொஸ்கோவில் இருந்தான். ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் அவனைக் கொழும்பிலிருந்து அங்கே கொண்டுபோய், இன்னும் பல பெடியளோடு ஓர் அறையில் போட்டிருந்தான். அப்பா தோட்டக் காணியை விற்றுப் பாதிக் காசு கட்டிவிட்டார். மிச்சப் பாதி என் பொறுப்பு. அது வந்தால்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புவேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். ஒவ்வொரு கோட்டு முடிந்து கொழுவியில் தொங்கும்போதும் தம்பி கொஞ்சம் கிட்ட வந்துவிட்டான் என்று நினைப்பேன். அப்படி நினைத்தால்தான் முதுகு நோ தெரியாது.

கோட்டுகளை எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, மார்கழி தொடக்கத்தில், படக்காரரின் வான் வந்து ஒரு மூட்டை கோட்டை இறக்கிவிட்டுப் போனது. லைனிங் கழன்றிருந்தது, அதை மட்டும் தைத்துத் தரும்படி சொல்லியிருந்தார்கள். மூட்டையை அவிழ்த்ததும் அன்ரி நெஞ்சில் கை வைத்துவிட்டா. நாங்கள் தைத்த அதே கோட்டுகள்தான். முழங்கை கிழிந்து, வாலெல்லாம் சேறு காய்ந்து, கழுத்துப்பட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தன.

"குடுத்து ஒரு மாசம் ஆகேல்லை. உவங்கள் என்ன மாட்டுக்கோ போட்டவங்கள்?" என்றா அன்ரி.

லைனிங்கை மட்டும் தைத்துக் கொடுத்திருந்தால் ஒரு கதையும் இல்லை. ஆனால் அன்ரியால் அது முடியாது. "மற்றவன்ரை உடுப்பை ஊத்தையோடை திருப்பிக் குடுக்கிறதோ? நாளைக்கு எங்கடை சனத்தைப் பற்றி என்ன சொல்லுவினம்?" என்றா. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கம்பளி சுருங்காமல் பச்சைத் தண்ணீரில் தோய்த்தோம். பிசுக்கைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினோம். தையலுக்குள்ளிருந்தே நூல் உருவி, கிழிந்த இடம் தெரியாமல் இழை ஓடினோம். பிறகு ஈரத்துணி போட்டு அயன் பண்ணினோம். அண்ணை இறங்கி வந்து பார்த்து, "வடிவாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனார். இந்த வேலைக்கு நாங்கள் தனிக்காசு கேட்கவில்லை.

அடுத்த கிழமை அதே அண்ணை படியில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஆர் உங்களைத் தோய்க்கச் சொன்னது? அது சும்மா வந்த ஊத்தையோ? ஆள் வைச்சு, சம்பளம் குடுத்து ஆக்கின ஊத்தை. அரத்தாலை உரஞ்சி, சேறு பூசி, தேத்தண்ணிச் சாயம் போட்டு வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் அதைத் தோய்ச்சு அயன் பண்ணிக் குடுத்திருக்கிறியள். படக்காரர் முழுக்காசையும் நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"புது உடுப்பைக் கிழிக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று அன்ரி கேட்டா. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டா.

அன்று பஸ்ஸில் வரும்போது நானும் அன்ரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊத்தையாக்குவதற்குச் சம்பளம் கொடுக்கிற நாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சப்வேக்கு வந்த பிறகுதான் காசு இல்லை என்பது உறைத்தது.

"வாற கிழமை பாப்பம்" என்றார் அண்ணை. அந்த வாற கிழமை வரவேயில்லை. நத்தார் போனது, பொங்கல் போனது. மாதாமாதம் கட்டிவந்த சீட்டை நான் முன்னமே கழித்து எடுத்து, அப்பா கட்டிய பாதிக்குள் சேர்த்து அனுப்பிவிட்டேன். என்னோடு அறையைப் பங்குபோட்டிருந்த பெண்களிடம் கடன் கேட்கலாமென்றால், அவர்களுக்கும் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு அறையில் யாரோ ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு ஞாயிறுகளில் ரெலிபோன் எடுப்பேன். அவன் சின்ன வயதிலிருந்தே பகிடிக்காரன்.

"அக்கா, இஞ்சை ரெண்டு சாதி ஆக்கள். காசு கட்டி முடிச்சவை, கட்டாதவை. அவைக்குக் கோழி. எங்களுக்கு அவை குடிச்ச கோழிச் சூப்பின்ரை மணம்."

"நீ என்ன சாப்பிடுறாய்?"

"பாண். சில நேரம் உருளைக்கிழங்கு. நான் ஒண்டும் மெலியேல்லை, நீங்கள் யோசிக்காதேங்கோ."

ஒவ்வொரு முறையும் அவன் பேச்சுக்கு நடுவில் இருமினான். தடிமன் என்றான். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லையாம், மட்டை வைத்து அடைத்திருக்கிறார்களாம். கோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று பேருக்கு ஒன்று இருக்கிறது, வெளியே போகிறவன் போடுவான் என்றான். எத்தனை பேருக்குக் கோட்டு தைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாற கிழமை அனுப்பிறன்" என்று சொன்னேன். அண்ணை எனக்குச் சொன்னதை நான் தம்பிக்குச் சொன்னேன். தம்பி அதை ஏஜென்சிக்காரனுக்குச் சொன்னான்.

தை கடைசியில் அன்ரிக்குப் பொறுமை போய்விட்டது. "படக்காரரிட்டையே போய்க் கேப்பம். ஊத்தையாக்கினவனுக்கே சம்பளம் குடுக்கிறவை, தைச்சவைக்குக் குடாமல் விடுவினமோ?" என்றா. அன்ரியின் புருசன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்தார். அவருடைய காரில், வெங்காயமும் சீஸும் மணக்க மணக்க, வான்காரன் முன்பு ஒருநாள் சொன்ன வழியை வைத்துத் தேடிப் போனோம்.

காணி முழுக்கப் பனி. மரக்கோட்டைக்கு முன்னால் எங்கள் கோட்டுகள் வரிசையாக நின்றன. ஆட்களைவிட எனக்கு முதலில் கண்ணில் பட்டது கோட்டுகள்தான். எல்லாம் கிழிந்து, ஊத்தையாகி இருந்தன. காலில் சாக்குத் துணி சுற்றிய சிப்பாய்கள். கன்னத்தில் கறுப்பு மை பூசிக் குழி விழச் செய்திருந்தார்கள். குதிரையில் ஓர் அதிகாரி. வரிசையிலிருந்து ஒரு சிப்பாய் முன்னால் வந்து கத்தினான். மாசக்கணக்காகச் சம்பளம் இல்லை, மா இல்லை, இறைச்சி இல்லை, சப்பாத்து இல்லை, எங்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டான். அதிகாரி, பொறுங்கள், வந்துவிடும் என்றான். யாரோ நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அதே சிப்பாய் அதே இடத்தில் நின்று அதையே மறுபடி கத்தினான்.

நான் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன்.

"உவைக்கும் குடுக்கேல்லையாமோ?" என்றா அன்ரி.

சாப்பாட்டு நேரம் என்று மணி அடித்தது. பட்டினி கிடந்த சிப்பாய்கள் எல்லோரும் கூடாரத்துக்குள் போய், நீளமான மேசையில் ஆவி பறந்த இறைச்சியையும் பாணையும் தட்டு நிறைய அள்ளிக்கொண்டார்கள். குழி விழுந்த கன்னம் அசைய அசையச் சாப்பிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் வரவில்லை. பசியைக்கூட மையில் வரைந்துகொள்ளலாம் என்று தெரிந்ததில் ஒரு வெறுப்புத்தான் வந்தது.

உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தா. கோட்டு தைத்தவர்கள் என்றதும் இரண்டு கையாலும் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டா. இவ்வளவு அழகான தையலைக் கிழிக்கத் தனக்கு மனமே வரவில்லை என்று சொன்னா. நான் என் உடைந்த இங்கிலீசில் காசைப் பற்றிக் கேட்டேன். தோய்த்தது பிழைதான், தெரியாமல் செய்துவிட்டோம், அதற்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள் என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. முழுக்காசையும் நத்தாருக்கு முன்னமே எங்கள் முதலாளியின் பெயருக்குக் கொடுத்துவிட்டார்களாம். தோய்த்த கோட்டுகளைக் கண்டு எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு அவற்றை அதிகாரிகளாக நடிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதிகாரிகளுடைய கோட்டு எப்படியும் சுத்தமாகத்தானே இருக்க வேண்டும் என்று சொன்னா.

நான் திரும்பிப் பார்த்தேன். குதிரையிலிருந்து இறங்கிய அதிகாரி அன்ரி இழை ஓடிய கோட்டைப் போட்டுக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

என்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது. இந்தக் கதை உண்மையா என்று கேட்டேன். உண்மைதான், சுதந்திரத்துக்காகச் சண்டை பிடித்த சிப்பாய்களுக்கு அவர்களுடைய சொந்த ஆட்களே சம்பளம் கொடுக்கவில்லை என்றா. கடைசியில் கிடைத்ததா என்று கேட்டேன். சிலருக்குக் கொஞ்சம் கிடைத்ததாம். முன்னுக்கு நின்று கேட்டவர்களில் சிலரைச் சுட்டுவிட்டார்களாம். சுட்டது யார் என்றால், பக்கத்தில் நின்ற கூட்டாளிச் சிப்பாய்களையே துவக்கைப் பிடிக்க வைத்துச் சுடுவித்தார்களாம். நாளைக்கு அந்தக் காட்சியை எடுக்கப் போகிறோம், விருப்பமென்றால் வந்து பாருங்கள் என்றா.

திரும்பி வரும்போது காரில் எனக்கு அந்தச் சொந்த ஆட்கள் என்ற சொல்தான் மண்டைக்குள் நின்றது. அந்நியன் ஏமாற்றினால் வாய் நிறையத் திட்டலாம், நாலு பேர் சேர்ந்து வருவார்கள். தன்னுடைய ஆள் ஏமாற்றினால் திட்டவும் வெட்கமாக இருக்கிறது. சொன்னால் நம்பவும் மாட்டார்கள். எங்களை நாங்களே காட்டிக்கொடுப்பதாகச் சொல்வார்கள்.

அப்படியே ரூஜுக்குப் போனோம். பின்னேரம். அண்ணையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அண்ணை ஒன்றையும் மறுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

"ஓம், வந்ததுதான். பாங்குக்கு வீட்டுக்காசு கட்டவேண்டி வந்திட்டுது, கட்டிப்போட்டன். உங்கடை காசு எங்கை போகப்போகுது? நான் என்ன ஓடப்போறனே?"

"அப்ப தோய்ச்சதாலை நிப்பாட்டினவங்கள் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"உங்களுக்கு ஒரு காரணம் சொல்லத்தானே வேணும், தங்கச்சி."

நான் எழும்பி நின்று கத்தினேன். கள்ளன் என்றேன். என் தம்பி அங்கே பாண் தின்றுகொண்டு கிடக்கிறான் என்றேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டு வேலைக்கு வாறியள். நான் ஒருத்தரிட்டையும் வாய் திறந்ததில்லை. திறக்கவும் மாட்டன். உங்கடை கேஸும் இன்னும் முடியேல்லை எல்லோ? நல்லாய் முடியோணும் எண்டுதான் நானும் கும்பிடுறன்."

அன்ரி என் கையைப் பிடித்து இழுத்தா. தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை நாங்கள் மறுபடி அதே பேஸ்மென்றுக்குத் தைக்கப் போனோம். இதை இன்றைக்குச் சொன்னால் என் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. "Why did you go back?" என்று கேட்கிறார்கள். போகாவிட்டால் பழைய காசும் இல்லை என்றாகிவிடும். போனால் ஒரு நாள் தருவார் என்ற நினைப்பாவது இருக்கும். அந்தச் சிப்பாய்களுக்குத் துவக்காவது இருந்தது. எங்களுக்கு இருந்தது சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு ஏப்ரன் தைக்கிற புது ஓடர். குனிந்துகொண்டு தைத்தோம்.

மாசியில் ஒரு ஞாயிறு, நான் ரெலிபோன் எடுக்குமுன் அங்கிருந்து வந்தது. தம்பியின் அறையிலிருந்த ஒரு பெடியன்.

"அக்கா, நீங்கள் இருந்துகொண்டு கேளுங்கோ" என்றான்.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். இருமல் சளிக்காய்ச்சலாகி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிசுக்குத் தெரிந்துவிடும், எல்லோரும் பிடிபடுவீர்கள் என்று ஏஜென்சிக்காரன் மறித்துவிட்டானாம். காசு கட்டி முடித்தவர்களைப் போன மாதமே ஏற்றிவிட்டானாம். அவர்கள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். தம்பியும் அவர்களோடுதான் போயிருக்க வேண்டியவன் என்று அந்தப் பெடியன் சொன்னான். என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

தம்பியின் உடம்பு ஊருக்கு வரவில்லை. கிரியைகளை அப்பா ஊரில் செய்தார். இங்கே எனக்குச் செய்யத் தெரிந்ததெல்லாம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சனத்துக்குச் சோறு போடுவதுதான். பார்க்டேல் கட்டடத்தின் கீழே கூட்டம் வைக்கிற அறையை வாடகைக்கு எடுத்தோம். சமையலுக்கு ஒருவரை ஒழுங்குபண்ணினோம். பாதிக் காசு முன்னுக்கு, மிச்சம் சாப்பாடு இறக்கினதும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். மிச்சத்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு எங்களுக்குள் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவரை வராதே என்று சொல்வதுமில்லை. அண்ணை மனைவியோடு வந்தார். வெள்ளைச் சேட்டு, முகத்தில் உண்மையான துக்கம். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது, அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைச் சுவரோரம் கூப்பிட்டு ஒரு என்வலப்பைக் கையில் வைத்தார்.

"உங்கடை கணக்கு, தங்கச்சி. ஒரு சதம் குறையேல்லை. செலவுக்கு உதவும்."

எறிந்திருக்கலாம். எறிய வேண்டும் என்று கை சொன்னது. சமையல்காரர் வாசலில் சோற்றுக் கிடாரத்தை இறக்கிவிட்டு, கார்த் திறப்பைக் கையில் சுழற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்வலப்பைப் பிரித்து அவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன். தம்பியை அந்த அறையிலிருந்து எடுத்திருக்க வேண்டிய காசில் அன்று எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பந்தியில் பரிமாறுவது நான்தான். அண்ணைக்கு முன்னால் வந்தபோது கை தானாகச் சோற்றை அள்ளி அவருடைய தட்டில் போட்டது. இன்னொரு அகப்பை போட்டேன். பிறகும் போட்டேன். "காணும் தங்கச்சி" என்று அவர் தட்டுக்கு மேலே கையை விரித்தார். நான் அவருடைய கைக்கு மேலேயே சோற்றைப் போட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கையை எடுக்கவுமில்லை, எழும்பவுமில்லை. அன்ரி வந்து அகப்பையை என் கையிலிருந்து வாங்கும்வரை நான் போட்டுக்கொண்டே நின்றேன்.